சீலோவாம் கோபுரமும் எங்கள் கிணறும்

எங்கள் கிணறு சரிந்தது ஒரு ஞாயிற்றுக்கிழமை. அது திங்களாகவோ செவ்வாயாகவோ இருந்திருந்தால் எனக்கு இதை எழுதும் தேவையே வந்திருக்காது.

பரளச்சிக்குத் தெற்கே எங்களுக்கு இருந்தது மழையை நம்பிய புன்செய்க் காடு. அதன் ஒரு மூலையில் கிணறு, கிணற்றை நம்பிக் கொஞ்சம் மிளகாய். எண்பதுகளின் கடைசியில் ஒரு வருடம் சித்திரை பிறக்கும் முன்பே கிணற்றில் வாளி தரைதட்ட ஆரம்பித்துவிட்டது. ஆழப்படுத்தாவிட்டால் செடி கருகிவிடும். என் வீட்டுக்காரர் கிணறு வெட்டத் தெரிந்த ஆட்களைத் தேடி அலைந்தார். எல்லோருக்கும் வேறு ஊர்களில் வேலை. வீரசோழனுக்குப் போகும் வழியில் உள்ள ஓர் ஊரிலிருந்து ஒருவர் மட்டும் ஞாயிற்றுக்கிழமை வருகிறேன் என்றார். எங்களைவிட மூத்தவர், இந்து. நாங்கள் கிறிஸ்தவர்கள் என்று தெரிந்திருந்ததால் அவரே கேட்டார்.

"ஞாயித்துக்கெழம ஒங்களுக்குக் கோயிலுக்குப் போற நாளாச்சே தம்பி?"

"காலையில ஆராதனைய முடிச்சுட்டு வந்துருவேண்ணே" என்றார் இவர்.

முடித்துவிட்டுத்தான் வந்தார். வெள்ளை வேட்டியைக் கழற்றிக் கொடியில் போட்டுவிட்டு, நான் கட்டிக்கொடுத்த சோற்றை எடுத்துக்கொண்டு காட்டுக்குப் போனார். மதியத்துக்கு மேல் கிணற்றின் மேல்மண் பாளமாகப் பிளந்து, கல்லும் மண்ணுமாக உள்ளே விழுந்தது. உள்ளே இருந்தது இரண்டே பேர். கிணறு வெட்ட வந்தவர் அடியில் புதைந்து இறந்துபோனார். படிக்கல்லில் இருந்த என் வீட்டுக்காரருக்குத் தொடை எலும்பு முறிந்தது, முழங்கால் நசுங்கியது. உயிர் மிஞ்சியது.

மதுரையில் பெரிய ஆஸ்பத்திரியில் கிடந்தோம். எலும்பு கூடிவிட்டது என்று சொல்லி மாவுக்கட்டைப் பிரித்து வீட்டுக்கு அனுப்பினார்கள். அனுப்பும்போது டாக்டர் என்னைத் தனியாகக் கூப்பிட்டு ஒன்று சொன்னார். இனிமேல் மருந்தில் ஒன்றும் இல்லை, தினமும் காலை ஊன்றி நின்று, மடக்கி நீட்டிப் பழக வேண்டும், வலிக்கிறது என்று படுத்தே இருந்தால் மூட்டு அப்படியே இறுகிவிடும், பிறகு யாராலும் ஒன்றும் செய்ய முடியாது. நான் தலையை ஆட்டினேன். வலிக்கு இவர் பயப்படுகிற ஆள் இல்லை, அதனால் அன்றைக்கு எனக்குக் கவலை தோன்றவில்லை.

வீட்டுக்கு வந்த பிறகுதான் கவலை வந்தது. இவர் எழுந்திருக்கவில்லை. வலி என்றும் சொல்லவில்லை. "ஆண்டவர் ஒடிச்சுப்போட்ட கால நான் எதுக்கு ஊணணும்?" என்றார். அவ்வளவுதான். சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார்.

ஞாயிற்றுக்கிழமை வேலை செய்ததற்கு இது தண்டனை என்று அவர் தலையில் ஏற்றியது யார் என்று ஒருவரைக் காட்டிச் சொல்ல முடியாது. பார்க்க வந்தவர்கள் ஆளுக்கொரு சீப்பு வாழைப்பழமும் ஆளுக்கொரு தீர்ப்பும் கொண்டுவந்தார்கள். எல்லாம் எங்கள் சபைக்காரர்கள், கெட்டவர்கள் இல்லை. கட்டில் பக்கத்தில் முழங்கால்படியிட்டுக் கண்ணீரோடு ஜெபம் செய்வார்கள். ஜெபத்துக்கு நடுவிலேயே, "உம்முடைய நாளை அசட்டை பண்ணின பிழையை மன்னியும்" என்று ஒரு வரி வந்துவிடும். ஜெபத்தில் சொன்னால் எதிர்த்துப் பேச முடியாது பாருங்கள். எனக்கு வாய் நீளம் என்று ஊரில் பேர். அந்த வாயை வைத்துக்கொண்டு நான் கண்ணை மூடி ஆமென் சொல்ல வேண்டியிருந்தது. எங்கள் உபதேசியார் ஒரு ஞாயிற்றுக்கிழமை ஓய்வுநாளில் வேலை செய்யக் கூடாது என்ற கட்டளையை வைத்தே பிரசங்கம் செய்தார். எங்கள் பேரைச் சொல்லவில்லை. ஆனால் கோயிலில் இருந்த அத்தனை தலையும் என் பக்கம் திரும்பியது.

கோபப்பட்டேன் என்றுதான் வெளியே காட்டிக்கொண்டேன். உண்மையில் பயந்துபோயிருந்தேன். ஒருவேளை அவர்கள் சொல்வது சரியாக இருந்தால்? அன்றைக்குச் சோறு கட்டிக்கொடுத்தவள் நான்தானே. அடுப்பில் பால் பொங்கினாலும், வாசலில் கன்றுக்குட்டி கத்தினாலும் இன்னொன்று விழப்போகிறது என்று எழுந்து ஓடுவேன். சாயங்காலம் ஒத்தடம் கொடுத்து அந்த முழங்காலை மடக்கிப் பார்ப்பேன். முந்தின நாள் மடங்கிய அளவுக்கு இன்றைக்கு மடங்கவில்லை என்று கைக்குத் தெரியும். அவரிடம் சொல்ல மாட்டேன்.

எங்கள் வீடுகளில் வேதம் வாசிப்பது ஒரு வழக்கம், அவ்வளவுதான். ராத்திரி ஜெபத்துக்கு முன் புத்தகத்தைத் திறந்து, கண்ணில் படுகிற இடத்தில் ஒரு வசனம், ஆளுக்கு ஒன்று. மூட்டையில் கைவிட்டு ஒரு கைப்பிடி அள்ளுகிற மாதிரிதான். எது வந்தாலும் அது நமக்காக வந்தது என்று எடுத்துக்கொள்வோம். அந்த நாட்களில் நான் அப்படித் திறப்பதையே விட்டுவிட்டேன். ஏதாவது ஒரு சாபம் கண்ணில் பட்டுவிட்டால் அதைத் தாங்க எனக்குத் தெம்பு இல்லை.

ஆனால் சின்ன வயதில் ஓய்வுநாள் பள்ளியில் கேட்ட ஒன்று மனதில் கிடந்தது. எங்கேயோ ஒரு கோபுரம் விழுந்து ஆட்கள் செத்துப்போவார்கள், அதைப் பற்றி இயேசு ஏதோ சொல்வார். தேடினேன். லூக்கா எழுதின சுவிசேஷத்தில் பதிமூன்றாம் அதிகாரத்தில் அகப்பட்டது. சீலோவாம் என்கிற இடத்தில் கோபுரம் இடிந்து பதினெட்டுப் பேர் மாண்டார்கள். மற்றவர்களைவிட அவர்கள் பெரிய குற்றவாளிகள் என்று நினைக்கிறீர்களா என்று இயேசு கேட்கிறார். அப்படி அல்ல என்று அவரே பதிலும் சொல்லிவிடுகிறார். எனக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தது. புத்தகத்தைத் தூக்கிக்கொண்டு கட்டிலுக்கு ஓடினேன்.

"என்னங்க, இதக் கேளுங்க" என்று அந்த இடம் வரைக்கும் வாசித்துக் காட்டினேன்.

இவர் முகம் கொஞ்சம் தெளிந்தது. கை நீட்டிப் புத்தகத்தை வாங்கினார். நான் நிறுத்திய இடத்துக்கு அடுத்ததை அவர் சத்தமாக வாசித்தார். மனந்திரும்பாவிட்டால் நீங்கள் எல்லோரும் அப்படியே அழிவீர்கள் என்று இருந்தது. புத்தகத்தை மூடி என் கையில் கொடுத்தார்.

"முழுசா வாசிக்கணும்ல?" என்றார். அதன் பிறகு இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை.

நான் அன்றைக்குப் பட்ட பயம் கிணறு சரிந்த அன்றுகூடப் படவில்லை. மருந்து என்று நினைத்து நானே விஷத்தைக் கொடுத்துவிட்டேனோ என்று இருந்தது. உபதேசியாரிடம் போய் நின்று, அந்த இடத்துக்கு என்ன அர்த்தம் என்று கேட்டேன்.

"வசனத்தக் கேட்டா நடுங்கணும்மா. நோண்டிப் பாக்கக் கூடாது" என்றார்.

"நடுங்கிக்கிட்டேதான் ஐயா நோண்டுறேன்" என்றேன்.

அவர் பாவம், ஜெபம் செய்து அனுப்பிவைத்தார்.

அப்போது நான் எங்கள் ஊர்ப் பள்ளிக்கூடத்தில் சத்துணவு அமைப்பாளராக இருந்தேன். பிள்ளைகள் சாப்பிட்டுப் போய், பாத்திரம் கழுவி, சமையல்காரம்மா கிளம்பிய பிறகு அறையில் நான் மட்டும் இருப்பேன். அங்கே ஒரு பழைய கரும்பலகை சாய்ந்து கிடந்தது. அதில் எழுதி அழித்தால் யாருக்கும் தெரியாது. ஒன்பதே வசனம் உள்ள அந்தப் பகுதியை அங்கே உட்கார்ந்துதான் படித்தேன். என் வேலை தினமும் அரிசியில் கல் பொறுக்குவது. வசனத்தையும் அப்படித்தான் பார்த்தேன், ஒரு வார்த்தையையும் தாண்டிப் போகாமல். கூடவே ஒரு கண்டிப்பும் வைத்துக்கொண்டேன். எனக்கு வேண்டியதை அது சொல்ல வேண்டும் என்று நெருக்கக் கூடாது. அது என்ன சொல்கிறதோ அதைத்தான் வீட்டுக்குக் கொண்டுபோக வேண்டும். அது எங்களுக்கு எதிராக இருந்தால் என்ன செய்வது என்று எனக்குத் தெரியாது.

முதலில், யார் யார் இருக்கிறார்கள் என்று எழுதினேன். சிலர் வருகிறார்கள். ஆலயத்துக்குப் பலி கொடுக்கப் போன கலிலேயாப் பகுதிக்காரர்களை ரோமத் தேசாதிபதி கொன்றுபோட்ட சேதியைக் கொண்டுவருகிறார்கள். செத்தவர்களுக்கு அவர்கள் உறவா என்று பார்த்தேன். இல்லை. அந்தப் பகுதியில் ஒருவர்கூட அழவில்லை. சேதி சொல்லத்தான் வந்திருக்கிறார்கள். எனக்கு வாழைப்பழச் சீப்புகள் நினைவுக்கு வந்தன.

இரண்டாவது, அவர்கள் என்ன கேட்டார்கள் என்று தேடினேன். கேள்வியே எழுதப்பட்டிருக்கவில்லை. ஆனால் அவர் சொல்லும் பதிலைப் பார்த்தால் அவர்கள் மனதில் என்ன இருந்தது என்று தெரிந்துவிடுகிறது. செத்தவன் மற்றவர்களைவிடப் பெரிய பாவியா? இதுதான் கேள்வி. அதற்கு அவர் அல்ல என்கிறார். அதோடு விடாமல், அவர்கள் கேட்காத கோபுரத்தையும் தானே இழுத்துக்கொண்டு வந்து மறுபடியும் அல்ல என்கிறார். முன்னதில் ஒரு மனிதன் கொன்றான். கோபுரத்தை யாரும் தள்ளவில்லை, தானாக விழுந்தது. செத்தவனைக் குற்றம் சொல்ல இருந்த இரண்டு வாசலையும் அவர் அடைத்துவிட்டார் என்று எனக்குத் தோன்றியது. பிறகு ஏன் விழுந்தது? அதற்கு அவர் பதிலே சொல்லவில்லை. மேலும் கீழும் தேடிப் பார்த்தேன், ஒரு வார்த்தை இல்லை. அன்றைக்கு எனக்கு அது பெரிய ஏமாற்றமாக இருந்தது.

மூன்றாவது, அந்தப் பயங்கரமான வரி. அதைப் பலகையில் எழுதவே இரண்டு மூன்று நாள் தள்ளிப்போட்டேன். எழுதிவிட்டு, இது யாரிடம் சொன்னது என்று பக்கத்தில் ஒரு கேள்விக்குறி போட்டேன். கோபுரத்துக்குக் கீழே கிடந்தவனிடம் சொல்லவில்லை. சேதி கொண்டுவந்தவனிடம் சொன்னது. நல்ல காலோடு நடந்து வந்து, சாய்ந்து நின்று, அடுத்தவன் பாவத்தைப் பேசினவனிடம் சொன்னது. நீங்கள் எல்லோரும் என்றால் எல்லோரும்தான். அதில் இவர் உண்டு, நான் உண்டு, உபதேசியாரும் உண்டு. எங்கள் வீட்டுக்கு மட்டும் என்று அதைப் பிய்த்து எடுத்துக்கொள்ள முடியாது.

அதற்குப் பிறகு ஓர் அத்திமரக் கதை. எங்கள் புத்தகத்தில் அந்த இடத்தில் தடித்த எழுத்தில் தனித் தலைப்பு போட்டிருந்தார்கள். அதனால் பிரசங்கம் செய்கிறவர்களும் அங்கேதான் தொடங்குவார்கள், அதற்கு முன்னால் உள்ளதை விட்டுவிடுவார்கள். நானும் அது வேறு விஷயம் என்றே இருந்தேன். ஒருநாள் தலைப்பை விரலால் மூடிக்கொண்டு ஒரே மூச்சில் வாசித்தேன். பேச்சு நிற்கவில்லை, அதே ஆட்களிடம் அதே மூச்சில் அவர் சொல்லிக்கொண்டு போகிறார். மரம் காய்க்கவில்லை, வெட்டிவிடு என்கிறான் தோட்டத்துக்குச் சொந்தக்காரன். தோட்டக்காரன் கெஞ்சுகிறான். இந்த வருடமும் இருக்கட்டும், சுற்றிக் கொத்தி எருப்போடுகிறேன், காய்த்தால் சரி. அதோடு கதை நிற்கிறது. மரம் காய்த்ததா இல்லையா என்று பக்கத்தைத் திருப்பிப் பார்த்தேன். சொல்லவில்லை.

திருப்பிய இடத்தில் வேறொரு சம்பவம் இருந்தது. ஓய்வுநாளில் ஒரு கூனியைக் குணமாக்கியது தப்பு என்ற ஜெப ஆலயத்துத் தலைவனிடம், அதே நாளில் நீங்கள் மாட்டை அவிழ்த்துத் தண்ணீருக்குக் கொண்டுபோவதில்லையா என்று இயேசு கேட்கிறார். எனக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. உபதேசியார் முகத்துக்கு நேரே இதை விரித்துக் காட்ட வேண்டும் என்று கை பரபரத்தது. அவரை மடக்கிவிடலாம்தான். ஆனால் அதனால் இவர் எழுந்து நிற்கப் போவதில்லை. பக்கத்தைத் திரும்பவும் பின்னால் தள்ளினேன்.

டாக்டர் மறுபடியும் காலைக் காட்ட வரச் சொன்ன நாள் நெருங்கிக்கொண்டிருந்தது. ஒரு மத்தியானம் பலகை முழுவதையும் அழித்துவிட்டு, இந்த ஒன்பது வசனமும் சேர்ந்து சொல்வது என்ன என்று இரண்டே வரியில் எழுதிப் பார்த்தேன். 'விழுந்தவனின் பாவத்தைக் கணக்குப் பார்க்காதே. விழாமல் மிஞ்சி நிற்கிறவனுக்குத் தவணை கொடுத்திருக்கிறது, அதற்குள் காய்க்கப் பார்.' எழுதியதை ஒவ்வொரு வசனத்தோடும் வைத்துப் பார்த்தேன். இரண்டு 'அல்ல'வும் அதில் அடங்கியது. அந்தப் பயங்கரமான வரியும் அடங்கியது. கொத்தி எருப்போடுவதும் அடங்கியது. எதையும் ஒளிக்க வேண்டியிருக்கவில்லை. அப்படியும் எனக்குத் தைரியம் வரவில்லை. பத்தாவது வரைக்கும் படித்த ஒருத்தி, சோறு போடுகிறவள், இதுதான் இந்த வேதப்பகுதியின் சாரம் என்று எப்படிச் சொல்வது? தப்பாக இருந்தால் இந்த முறை இவர் சாப்பாட்டை விடுவதோடு நிறுத்த மாட்டார் என்று தோன்றியது.

அன்றைக்குச் சாயங்காலம் ஒத்தடம் கொடுத்துக்கொண்டே சொன்னேன். இந்தத் தடவை முதல் வசனத்திலிருந்து ஒன்பதாவது வரைக்கும் ஒன்றையும் விடாமல் வாசித்தேன். அந்த வரியையும் குரலைத் தாழ்த்தாமல் வாசித்தேன். பிறகு நான் புரிந்துகொண்டதைச் சொன்னேன்.

"அப்ப ஞாயித்துக்கெழம?" என்றார்.

"இந்த எடத்துல அந்தப் பேச்சே இல்லங்க. ஞாயித்துக்கெழமதான் காரணம்னா, கெணறு வெட்ட வந்த அந்தண்ணனுக்கு ஏது ஞாயித்துக்கெழம? அவுகளுக்கு அது வேல நாளு. அவுக போயிட்டாக. நீங்க இருக்கீங்க. ஏன்னு எனக்குத் தெரியல. அதுலயும் எழுதல. இருக்குறவுக என்ன செய்யணும்னுதான் எழுதியிருக்கு."

இவர் கண்ணை மூடிக்கொண்டார். கெடுத்துவிட்டேன் என்றே நினைத்தேன். மறுநாள் முழுவதும் சுவரைப் பார்த்தே கிடந்தார். அதற்கு மறுநாள் விடிந்ததும் கேட்டார்.

"அவுக வீடு எங்கிட்டு இருக்குன்னு தெரியுமா?"

கிணற்றில் இறந்தவரின் வீட்டுக்கு நாங்கள் போகவே இல்லை. இரண்டு ஊர்ப் பெரியவர்களும் உட்கார்ந்து பேசி, செய்ய வேண்டியதை இவருடைய அண்ணன் போய்ச் செய்துவிட்டு வந்திருந்தார். நான் ஆஸ்பத்திரியைச் சாக்காக வைத்துக்கொண்டேன். உண்மையில் இறந்தவரின் மனைவி முகத்தைப் பார்க்கப் பயம். இப்போது இவர் போக வேண்டும் என்கிறார். போக வேண்டுமானால் பஸ் ஏற வேண்டும். பஸ் ஏற வேண்டுமானால் நிற்க வேண்டும்.

நின்றார். கட்டில் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு முதல்தடவை நின்றபோது உதட்டைக் கடித்ததில் ரத்தம் வந்தது. அருப்புக்கோட்டையில் கக்கத்தில் ஊன்றி நடக்கும் கட்டை இரண்டு வாங்கி வந்தேன். முற்றத்தில் வேப்பமரம் வரைக்கும், பிறகு தெருமுனை வரைக்கும். டாக்டர் முழங்காலைப் பிடித்துப் பார்த்துவிட்டு, கொஞ்சம் தாமதம்தான், முழுக்க மடங்காது, ஆனால் நடப்பார் என்றார். எனக்கு அதுவே போதும் என்று இருந்தது. இவருக்குப் போதவில்லை. அந்த ஊருக்குப் போகும் பஸ்ஸின் நேரத்தை விசாரித்துக்கொண்டிருந்தார்.

போன அன்றைக்கு வழி முழுவதும் எனக்கு ஒரே யோசனை. இறந்தவரின் உறவுக்காரர்கள் கையை ஓங்கினால் இவரால் ஓடக்கூட முடியாது. பஸ்ஸை விட்டு இறங்கி, கருவேலங்காட்டை ஒட்டி நடந்து, விசாரித்துப் போய்ச் சேர்ந்தோம். அந்த அம்மா வாசலில் சாக்கை விரித்து கொத்தமல்லி புடைத்துக்கொண்டிருந்தார். இவருடைய கட்டைகளைப் பார்த்ததுமே யார் என்று தெரிந்துவிட்டது. புடைப்பதை நிறுத்தினார்.

"வாங்க" என்றார். உள்ளேயிருந்து ஸ்டூலை எடுத்து வந்து, இவர் உட்காரும்வரை அதைப் பிடித்துக்கொண்டு நின்றார். தண்ணீர் கொடுத்தார். இவர் மன்னிப்புக் கேட்க வாயெடுத்தார். அந்த அம்மா அதைக் கேட்கிற மாதிரியே இல்லை.

"தம்பி, அவுக கடேசியா என்ன சொன்னாக?"

எனக்குப் புரியவில்லை. அந்த அம்மா என் பக்கம் திரும்பிச் சொன்னார். "கூட இருந்தது இவுக ஒருத்தருதானம்மா. வேற யாருகிட்டப் போயி நான் கேப்பேன்? ஒங்க வீட்டுப் பெரியவுக வந்தப்பக் கேட்டேன். அவுகளுக்குத் தெரியல. தம்பிக்குக் காலு சரியாகட்டும், வருவாகன்னு இருந்தேன்."

அத்தனை மாதமும் நாங்கள் எங்கள் பாவத்தையே தோண்டிக்கொண்டு கிடந்திருக்கிறோம். இங்கே ஒரு பெண் ஒரே ஒரு கேள்வியை வைத்துக்கொண்டு பஸ் வரும் பாதையைப் பார்த்துக்கொண்டு இருந்திருக்கிறார்.

இவர் குனிந்தபடியே சொன்னார். என்னிடம்கூட அதுவரை சொல்லாதது அது.

"மேல மண்ணு உதிர்ற சத்தம் கேட்டுச்சு. அண்ணன் காதுலதான் மொதல்ல விழுந்துச்சு. 'நீங்க மொதல்ல ஏறுங்க தம்பி'ன்னாரு. நான் படியில ஏறிட்டேன். நீங்க ஏறுங்கண்ணேன்னு ஒரு வார்த்த சொல்லல. ஏறிட்டேன்."

கட்டை இரண்டும் கீழே விழுந்தன. இவர் முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதார். ஞாயிற்றுக்கிழமையை இவர் ஏன் அப்படிக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு கிடந்தார் என்பது எனக்கு அப்போதுதான் தெரிந்தது. இதைத் தாங்குவதைவிட அதைத் தாங்குவது லேசு.

நான் அந்த அம்மாவின் முகத்தைப் பார்க்கவில்லை. பார்க்கத் தைரியம் இல்லை. குரல் மட்டும் கேட்டது.

"எந்தக் கெணத்துலயும் அவுக கடேசியாத்தான் தம்பி ஏறுவாக. கூட வந்த ஆளு மேல போனாத்தான் படியில கால வைப்பாக. எத்தன தடவ சண்ட போட்டிருக்கேன்." முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "அன்னைக்கும் அப்படித்தான் இருந்திருக்காக. எனக்கு அது தெரியணும்னுதான் இருந்தேன்."

இவர் நிமிர்ந்து பார்த்தார். அந்த அம்மா குனிந்து கட்டைகளை எடுத்து இவர் பக்கத்தில் சாய்த்து வைத்தார்.

"எம் பொம்பளப் புள்ளைக ரெண்டும் பள்ளிக்கூடம் விட்டு வர்ற நேரந்தான். போயிராதீக. நீங்களே அதுககிட்டச் சொல்லுங்க, ஒங்கய்யா கடேசியா இப்படிச் சொன்னாருன்னு."